கேளுங்க அக்கா: மொசார்ட்டுக்குப் பக்கத்தில் மெக்சிகோக்காரருக்கு என்ன வேலை?

அக்கா, என் மகள் பியானோ கிரேடு 5 படிக்கிறாள். கோலாலம்பூரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்கு டிக்கெட் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறாள். முதலில் மொன்காயோவின் ‘வாப்பாங்கோ’, அடுத்து மொசார்ட்டின் 21ஆம் பியானோ கான்செர்ட்டோ, இடைவேளைக்குப் பிறகு மார்க்கேஸின் ‘தான்சோன் எண் 2’. மொசார்ட் சரி. மெக்சிகோ எதற்கு, கூட்டம் சேர்க்கவா?
– ஒரு தகப்பனார், சுங்கை சிப்புட்

கூட்டமும் சேரும், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் நீங்கள் கேட்கும் தொனியில், மொசார்ட் என்றால் சாப்பாடு, மெக்சிகோ என்றால் முறுக்கு என்ற கணக்கு இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு ஒத்து வரவில்லை. வாசிக்கிறவர்களைக் கேட்டால், தாளம் தவறிவிடுமோ என்ற பயம் வாப்பாங்கோவில்தான் அதிகம் என்பார்கள்.

மொன்காயோ ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளேயே தாள வாத்தியமும் பியானோவும் வாசித்து வளர்ந்தவர். கார்லோஸ் சாவேஸ் என்ற ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் தூண்டிவிட, கடலோர வெராக்ரூஸ் மாநிலத்துக்குப் போய் அங்கே திருவிழாக்களில் பாடி ஆடுகிற பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அவற்றில் மூன்றை எடுத்து அவர் செய்ததுதான் இந்த வாப்பாங்கோ. 1941 ஆகஸ்டில் மெக்சிகோ நகரத்தின் பேயாஸ் ஆர்த்தெஸ் அரங்கில் சாவேஸே அதை முதலில் நடத்தினார். பத்து நிமிடம்கூட வராது. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் ஆறு எண்ணிக்கையை இரண்டு விதமாகப் பிரித்து விளையாடுவார்கள்: ஒரு முறை தகிட தகிட, அடுத்த முறை தக தக தக, சில இடங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக. நம் காதுக்கு இது புதிதே இல்லை. மகளோடு உட்கார்ந்து தொடையில் தட்டிப் பாருங்கள், கை தடுமாறும். நடுவில் டிரம்பெட்டும் டிரம்போனும் மாறி மாறிப் பேசும் இடம் ஒன்று வரும். வெராக்ரூஸில் இரண்டு பாடகர்கள் ஒருவருக்கொருவர் அடி எடுத்துக் கொடுத்துப் பாடுவதைத்தான் அவர் அப்படி வாத்தியத்துக்கு மாற்றியிருக்கிறார்.

இனி மொசார்ட்டின் கான்செர்ட்டோ, அதாவது ஒரு பியானோ முன்னால் நிற்க ஆர்க்கெஸ்ட்ரா கூடவே வாசிக்கும் இசை. 1785 மார்ச் 9ஆம் தேதி இதை முடித்ததாகத் தன் படைப்புகளின் பட்டியலில் எழுதினார், மறுநாளே வியன்னாவில் தானே வாசித்தார். மை காய்ந்ததோ இல்லையோ. அந்த நாட்களில் மகனைப் பார்க்க வந்திருந்த அப்பா லெயோபோல்ட், நான் வந்த பிறகு பியானோவை வீட்டிலிருந்து ஒரு டஜன் தடவையாவது வெளியே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று தன் மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதாவது இதுவும் டிக்கெட் விற்றுப் பிழைப்பு நடத்தக் கூட்டத்துக்காக எழுதிய இசைதான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க எழுதியது இல்லை.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். முதல் பகுதி முடியப்போகும் இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் நின்றுவிடும், பியானோ தனியாக வாசிக்கும். அதற்குக் கடென்சா என்று பெயர். இந்தக் கான்செர்ட்டோவுக்கு மொசார்ட் எழுதிய கடென்சா எதுவும் இன்று நம் கையில் இல்லை. அதனால் வாசிப்பவர் தானே எழுதியதையோ, பின்னால் வந்த வேறு யாராவது எழுதியதையோதான் வாசிப்பார். ஆளுக்கு ஆள் மாறும் இடம் அது. பரீட்சைக்கு மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு அதைக் கேட்பது நல்லது.

அப்புறம் இரண்டாம் பகுதி. வயலின்களுக்கு சத்தத்தை அமுக்கும் மியூட் போட்டிருப்பார்கள், அடியில் தந்திகளை விரலால் சுண்டிக்கொண்டே இருப்பார்கள், மேலே பியானோவின் வலது கை ஒரே நீளமான வரியாகப் பாடும். அதைப் பற்றி நான் எழுதுவதைவிட நீங்கள் கேட்டுவிடுவது மேல்.

அக்கா, நாங்கள் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் அடிக்கிறவர்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரம் சும்மா நின்றுவிட்டு இரண்டு குச்சியைத் தட்டுகிறாரே, அதற்கும் சம்பளமா?
– உறுமித் தம்பி, அதே ஊர்

தம்பி, அந்த இரண்டு குச்சிக்கு கிளாவேஸ் என்று பேர். தான்சோன் எண் 2 தொடங்கும்போது கிளாரினெட் ஒரு சோகமான மெட்டை எடுக்கும், அதன் அடியில் அந்தக் குச்சிச் சத்தம் பளிச்சென்று தனியாகக் கேட்கும். உங்கள் குழுவில் ஒருவர் ஒரு அடி விட்டால் மற்றவர்கள் மூடிவிடலாம். இங்கே மூட ஆளில்லை, அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பளம் அதற்குத்தான்.

தான்சோன் கியூபாவில் பிறந்த ஜோடி நடனம், கடல் வழியாக வெராக்ரூஸுக்கு வந்து மெக்சிகோவின் நடனக் கூடங்களில் குடியேறிவிட்டது. அதில் ஒரு பல்லவி திரும்பத் திரும்ப வரும். அது வரும்போது ஜோடிகள் ஆடாமல் நின்று மூச்சு வாங்குவார்கள், விசிறிக்கொள்வார்கள், பிறகு சரியான அடியில் மறுபடி காலெடுத்து வைக்க வேண்டும். ஆர்த்துரோ மார்க்கேஸ் அந்தக் கூடங்களின் இசையை வைத்து எழுதிய இது 1994இல் மெக்சிகோ நகரத்தில் முதலில் ஒலித்தது. வெனிசுவேலாவின் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா துதாமேல் என்ற நடத்துநர் தலைமையில் 2007இல் வெளிநாடுகளுக்குக் கொண்டு போன பிறகுதான் உலகம் முழுக்கப் பேச்சு. இடைவேளைக்குப் பின் வருவதால், தம்பி, தாமதமாகப் போனாலும் இதைத் தவறவிட மாட்டீர்கள். ஆனால் தாமதமாகப் போகாதீர்கள், பாட்டு நடுவில் கதவு திறக்க மாட்டார்கள்.

எப்போது கைதட்ட வேண்டும்? தப்பான இடத்தில் தட்டி மானம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, தமிழ்ப்பள்ளி

கான்செர்ட்டோவுக்கு மூன்று பகுதிகள். நடத்துநர் கையை முழுசாக இறக்கி இந்தப் பக்கம் திரும்பும் வரை பொறுத்தால் போதும், டீச்சர். தப்பித் தவறி நடுவில் தட்டினாலும் மொசார்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். 1778இல் பாரிஸில் அவருடைய சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் தட்டினார்கள் என்று அப்பாவுக்கு சந்தோஷமாக எழுதியவர் அவர். மூச்சுவிடாமல் உட்காரும் வழக்கமெல்லாம் பிற்பாடு வந்தது. என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அந்த இரண்டாம் பகுதிக்கு முன்னால் மட்டும் தட்டாதீர்கள், தயவுசெய்து.

பெரிய தொப்பி போட்ட மரியாச்சிக்காரர்கள் வருவார்களா?
– பெயர் வேண்டாம்

வர மாட்டார்கள். மரியாச்சி என்ற வாத்தியக் குழு மெக்சிகோவின் மேற்குப் பக்கத்து ஹலிஸ்கோ வட்டாரத்தின் சொத்து, வாப்பாங்கோ கிழக்குக் கடற்கரை. ஜோகூர்க்காரரிடம் பினாங்கு லக்சா கேட்பீர்களா?

எந்த இருக்கை வாங்குவது? ரயிலில் போய்வர முடியுமா?
– மேலே கேட்ட தகப்பனாரே, இரண்டாம் கடிதத்தில்

மேடையைப் பார்த்து உட்காரும்போது நடுவுக்குச் சற்று இடது பக்கம் வாங்குங்கள். பியானோவின் கட்டைகள் அந்தப் பக்கம்தான் இருக்கும், மகளுக்கு விரல்கள் தெரியும். வலது பக்கம் போனால் வாசிப்பவரின் முகம் தெரியும், விரல் தெரியாது. போவதற்கு சுங்கை சிப்புட்டிலிருந்தே இடிஎஸ் ரயில் இருக்கிறது. இரவுக் கச்சேரியென்றால் முடிந்து வெளியே வரும்போது திரும்ப ரயில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், சொந்தக்காரர் வீட்டில் தங்குகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பகல் காட்சி இருந்தால் அதை எடுங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மாணவர் கட்டணம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.