ஓட்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன்

அம்மா, வணக்கம்.

பெங்களூர் அல்சூரிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம். கடைசி வருடம். 200 மீட்டரில் 24.6 விநாடி. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இந்த வருடம் ஐந்தாவது இடம். "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் ஓடுவாள்? நிறுத்திவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆசைக்காகச் சொல்லவில்லை, வயதுக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வங்கி எழுத்தர் தேர்வை 28 வயது வரை எழுதலாம், அதிகாரி தேர்வை 30 வரை எழுதலாம். உங்கள் மகளுக்கு 21. அந்தத் தேர்வுகள் எங்கும் ஓடிப்போகாது. ரயில்வே வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு அப்படியில்லை. வயது 18 முதல் 25 வரைதான், தளர்வு கிடையாது. அதிலும் நடப்பு நிதியாண்டிலும் முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் வாங்கிய இடங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பி.காம். பட்டம் பத்து வருடம் கழித்தும் செல்லும். மெடலுக்குக் காலாவதி உண்டு. இன்று நிறுத்திவிட்டு மூன்று வருடம் கழித்துப் பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் அதை வாங்கிப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

அந்த ஒதுக்கீட்டில் எழுத்துத் தேர்வு இல்லை. நூறு மதிப்பெண்ணில் 50 விளையாட்டுச் சாதனைக்கு, 40 மைதானத்தில் அன்றைக்கு ஓடிக் காட்டுவதற்கு, 10 படிப்புக்கு. ஆகவே அவள் காலையில் கண்டீரவா மைதானத்தில் செலவழிக்கும் நேரமும் வேலைக்கான படிப்புதான். நீங்கள் ஓட்டத்தையும் வேலையையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பதால்தான் இவ்வளவு கவலை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஐந்தாவது இடம் போதாது. எழுத்தர் மட்டத்து வேலைகளுக்குப் பல்கலைக்கழகப் போட்டியில் குறைந்தது மூன்றாவது இடம் கேட்கிறார்கள். இல்லையென்றால் மாநிலத்துக்காக ஓடி, தேசியப் போட்டியில் எட்டு பேருக்குள் வர வேண்டும். இரண்டுக்குமே அவள் 24 விநாடிக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும் என்பது என் மதிப்பீடு. பெண்கள் 200 மீட்டரில் இந்தியாவின் சரஸ்வதி சாஹா 2002ல் தேசிய சாதனையாக ஓடியது 22.82 விநாடி. அந்த உயரத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தேவை அரை விநாடி. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும், தடத்தில் அது நான்கு மீட்டர். ஒரு வருடத்தில் வரலாம், வராமலும் போகலாம்.

அதனால் இரண்டு வருடம் என்று பேசி வையுங்கள். எம்.காம். சேரட்டும். 25 வயதுக்குள் படித்துக்கொண்டிருந்தால் பல்கலைக்கழகப் போட்டியில் தொடர்ந்து ஓடலாம், கையில் இன்னொரு பட்டமும் இருக்கும். போட்டிகள் முடிந்து ஓய்வாக இருக்கும் மாதங்களில் வங்கித் தேர்வுப் பாடங்களைத் தொடட்டும். ஒவ்வொரு சீசன் முடிவிலும் பயிற்சியாளரை நேரில் பார்த்து, நேரம் குறைகிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது வருடமும் 24.6லேயே நின்றால், அப்போது நீங்கள் சொல்வதை அவளே ஒப்புக்கொள்வாள்.

ரயில்வே மட்டும்தான் வழி என்றும் இல்லை. வருமான வரி போன்ற மத்திய அரசுத் துறைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு இடம் உண்டு, அங்கே ஐந்து வருடம் வரை வயதுத் தளர்வும் உண்டு. பல்கலைக்கழகத்துக்காக ஓடியிருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் மெடல் வாங்கியவர்களுக்குத்தான் முன்னுரிமை, வெறுமனே கலந்துகொண்டவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் முழுதாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. பல்கலைக்கழகத்துக்காக ஓடியதற்கு 'படிவம் 3' என்று ஒரு சான்றிதழ் உண்டு. பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியை விட்டு வந்த பிறகு அதை வாங்க அலைவது பெரிய பாடு. என்னிடம் வந்த ஒரு பையன் எல்லாத் தகுதியும் இருந்தும் அந்த ஒரு கையெழுத்து நேரத்துக்குக் கிடைக்காமல் விண்ணப்பத்தைத் தவறவிட்டான். இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

மதுரை ரேவதி வீரமணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டி வளர்த்த பெண். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு ரிலே ஓடினார், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலையும் ஓட்டம் தந்ததுதான். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜும் ரயில்வே ஊழியர்தான். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவின் 1984ஆம் வருடத்து தேசிய சாதனையான 55.42 விநாடியை 2023ல் தொட்டார். வேலைக்குப் போனால் ஓட்டம் முடிந்துவிடும் என்ற உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில்.

ஓடி முடித்த பிறகு என்ன? பிசியோதெரபி என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பி.யூ.சி.யில் காமர்ஸ் எடுத்தவளுக்கு அது கிடைக்காது, உயிரியல் வேண்டும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஆக இரண்டு வருட பி.பி.எட். படிக்கலாம். பயிற்சியாளர் ஆக வேண்டுமென்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. குடகைச் சேர்ந்த அஷ்வினி நாச்சப்பா ஓட்டத்துக்குப் பின் சொந்த ஊர்ப் பக்கம் பள்ளியே நடத்துகிறார். பெங்களூரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தால், கன்னடம் பேசினால் மட்டும் போதாது, எழுதவும் வர வேண்டும். நம் தமிழ் வீடுகளில் இதைத்தான் விட்டுவிடுகிறோம்.

அப்புறம், ஜிம்மில் யாராவது பவுடர், ஊசி என்று நீட்டினால் தொடவே கூடாது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் நான்கு வருடம் வரை தடை வரும். 25க்குள் ஓட வேண்டியவளுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. தொடைத் தசை பிடித்தால் ஒரு போட்டியை விடச் சொல்லுங்கள். வலியோடு ஓடி ஒரு சீசனையே இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை இருவரும் வாருங்கள். எல்லாச் சான்றிதழ்களும், அவள் நேரங்களைக் குறித்து வைக்கும் நோட்டும் வேண்டும். படிவம் 3 எந்தெந்தப் போட்டிக்கு வாங்கவில்லை என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.