தெரிந்த கதையை விடிய விடிய ஏன் பார்க்கிறார்கள்?

"மகாபாரதக் கதை எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் தெருக்கூத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கதைக்காக யாரும் வருவதில்லைங்க. வேலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தவம் செய்வதை நடிக்கும் 'அர்ச்சுனன் தபசு' அன்று போய்ப் பாருங்கள். வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காக, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகரா, அர்ச்சுனனா? அவருக்கே சரியாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

துரியோதனன் போரில் வீழ்வதை நடிக்கும் படுகளத்தன்று, தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனை வீழ்த்திய பிறகு திரௌபதி கூந்தல் முடிவாள். சுற்றி நிற்கும் கிழவிகள் அவரவர் வீட்டுத் துக்கத்தையும் சேர்த்து அழுவார்கள். ஆடுபவரோ பகலில் கூலிக்குப் போகிறவராக இருப்பார். கிரீடம் ஏறியதும் ஊரே கும்பிடும் ராஜா. கூத்தின் கோமாளியான கட்டியக்காரனை மட்டும் யாரும் கும்பிடுவதில்லை, ஆனால் தூங்கி வழிகிறவர்களைச் சிரிக்கவைத்து எழுப்புவது அவர்தான்.