கலைந்த படையும் கலைக்கப்பட்ட படையும்

அன்புள்ள ஐயா,

2003இல் ஈராக்கைக் கைப்பற்றிய அமெரிக்கா, அந்த ஆண்டு மே மாதம் ஈராக் ராணுவத்தைக் கலைத்ததுதான் அந்தப் போரின் பெரும்பிழை என்று எழுதியிருந்தீர்கள். ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பியவரும் அந்த உத்தரவை இட்டவருமான பால் பிரெமர் சொல்வது வேறாக இருக்கிறதே? சிப்பாய்கள் ஏற்கெனவே வீடு போய்விட்டார்கள், முகாம்களைச் சூறையாடிவிட்டார்கள், கலைப்பதற்குப் படையே மிச்சமில்லை என்கிறார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. தவிர, அவ்வளவு பெரிய அரசு போருக்குப் பிந்தைய நிலையை யோசிக்காமலா ஒரு நாட்டுக்குள் நுழைந்திருக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிப்பாய்கள் வீடு போனது உண்மை. ஆனால் போகச் சொன்னது யார்? சண்டை போடாமல் வீட்டுக்குப் போய்விடும்படி துண்டறிக்கைகளைக் கொட்டியவை அமெரிக்க விமானங்கள்தாம். அந்தப் பேச்சை நம்பிப் போனவர்களில் பலர், திரும்பக் கூப்பிடுவார்கள் என்றே காத்திருந்தார்கள்.

கூப்பிடுவதாகத்தான் முடிவும் இருந்தது. போருக்குச் சில நாட்கள் முன், மார்ச் மாதம், அதிபர் புஷ் முன்னிலையில் நடந்த கூட்டத்திலேயே ஈராக்கின் வழக்கமான ராணுவத்தை வைத்துக்கொண்டு சீரமைப்பு வேலைகளுக்குப் பயன்படுத்துவது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாக்தாத்தில், பிரெமருக்கு முன் அமெரிக்க நிர்வாகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜே கார்னரின் குழுவிலிருந்த கர்னல் பால் ஹியூஸ் ஈராக்கிய அதிகாரிகளோடு உட்கார்ந்து, உதவித்தொகை கொடுப்பதற்காகச் சிப்பாய்களின் பெயர்ப் பட்டியலைச் சேகரித்துக்கொண்டிருந்தார். மே 12 அன்று பிரெமர் வந்து இறங்கினார். 16ஆம் தேதி முதல் உத்தரவு: சதாம் உசேனின் பாத் கட்சி மேல்மட்டத்தவருக்கு அரசு வேலை கிடையாது. 23ஆம் தேதி இரண்டாம் உத்தரவு: ராணுவம் கலைக்கப்பட்டது. பட்டியல் எடுத்துக்கொண்டிருந்த ஹியூஸுக்கே அது செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வீட்டில் காத்திருப்பவன் வேறு, வேலை பறிபோனவன் வேறு. அந்த ஒரு காகிதம் லட்சக்கணக்கானவர்களை முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தள்ளியது. சம்பளம் போயிற்று, சீருடைக்கான மரியாதை போயிற்று. ஆயுதப் பயிற்சி மட்டும் கையில் இருந்தது. ஆயுதத்துக்கும் பஞ்சமில்லை, கிடங்குகள் காவலின்றித் திறந்து கிடந்தன.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். யோசித்திருந்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை, நாடு கடந்து வாழ்ந்த ஈராக்கியர்களைச் சேர்த்து 17 குழுக்கள் அமைத்து, 13 தொகுதிகளில் அறிக்கை தயாரித்தது. ஆட்சி விழுந்ததும் கொள்ளை நடக்கலாம் என்ற எச்சரிக்கை அதிலேயே இருந்தது. பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன் அதை ஓரங்கட்டியது. 2003 பிப்ரவரி 25 அன்று அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பின்னர் ஈராக்கைக் கட்டிக்காக்கப் பல லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்று செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கைப் பகிரங்கமாக மறுத்தார்.

ஏன் மறுக்க வேண்டும்? என் எண்ணம் இது: பிந்தைய நாட்களை நேர்மையாகக் கணக்கிட்டிருந்தால் செலவும் ஆட்பலமும் கூடியிருக்கும், போருக்கான ஆதரவு குறைந்திருக்கும். அதனால் அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் போருக்குக் குறுக்கே நிற்பவர்களாகத் தெரிந்தார்கள். இதை மறதி என்றோ கவனக்குறைவு என்றோ சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணை, தன் நாட்டின் தயாரிப்பு முற்றிலும் போதாமல் இருந்தது என்று 2016இல் அறிவித்தது. அபாயங்கள் முன்பே தெரிந்திருந்தன என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. அமைச்சகக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் இருந்தது. தேசிய அருங்காட்சியகத்துக்கு இல்லை, சுமார் 15,000 பொருட்கள் களவு போயின. ஆக்கிரமித்த படைதான் பொது ஒழுங்கைக் காக்க வேண்டும் என்று போர் நடத்தை பற்றிய 1907 ஹேக் விதிகள் சொல்கின்றன. அருங்காட்சியக வாசலில் நிறுத்தத் தேவைப்பட்டது சில வீரர்களும் ஒரு டாங்கும்தான்.

படை மிச்சமில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். ஜூன் 18 அன்று முன்னாள் சிப்பாய்கள் பாக்தாத்தில் பிரெமரின் தலைமையகத்து வாசலில் கூடிச் சம்பளம் கேட்டார்கள். அமெரிக்க வீரர்கள் சுட்டதில் இருவர் செத்தார்கள். மாதாந்திர உதவித்தொகை கொடுக்கப்படும் என்ற அறிவிப்பு, அதற்குப் பிறகு, ஜூன் 23 அன்று வந்தது.