குரூப் 4 தேர்வர்களுக்கு: நேரமும் மனநிலையும் பற்றிய கேள்வி பதில்

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், நேரத்தைப் பயன்படுத்துவது பற்றியும் மனநிலை பற்றியும் கேட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எந்தப் பயிற்சி மையம் நல்லது, இந்த முறை கட்-ஆஃப், அதாவது தேர்வாகத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், எவ்வளவு வரும் என்ற கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வு நடக்கும் முன்பே கட்-ஆஃப் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை ஜவுளிக்கடையில் நிற்கும் வேலை, சார். தினமும் ஆறு மணி நேரம் படிக்க அட்டவணை போட்டேன். மூன்றாம் நாளே விட்டுப்போயிற்று. எனக்கு மன உறுதி போதவில்லையா?

உங்கள் மன உறுதியைக் குறை சொல்வதற்கு முன் அந்த அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள். கடைக்கு 12 மணி நேரம், போக வர, குளிக்க, சாப்பிட எப்படியும் 3 மணி நேரம், உறக்கம் 7 மணி நேரம் என்றால் மீதம் இருப்பது 2 மணி நேரம்தான். ஆறு மணி நேரம் என்று எழுதியபோதே நீங்கள் உறக்கத்திலிருந்து நான்கு மணி நேரத்தை எடுத்துவிட்டீர்கள். உடல் மூன்றாம் நாள் அதைத் திருப்பிக் கேட்டது.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் சுட்டிக்காட்டினார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கனடாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாள். எல்லாமே தடைப்பட்டால் எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள். உண்மையில் ஆனதோ சராசரியாக 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கும் பற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அட்டவணை போடுமுன் சென்ற வாரக் கணக்கை எழுதுங்கள். ஏழு நாளில் உண்மையாகவே புத்தகத்தோடு இருந்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து மணி நேரம் என்றால், வரும் வாரத்துக்கு ஆறு மணி நேரம் போடுங்கள், நாற்பது போடாதீர்கள். உங்கள் நிலையில், கடைக்குப் போகுமுன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைக் கணக்குக்கும் புதிய பாடத்துக்கும் வைத்துக்கொண்டு, பேருந்தில் முந்தைய நாள் படித்ததை நினைவிலிருந்து சொல்லிப்பார்த்து, வார விடுமுறை நாளில் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதினால் அதுவே நல்ல அட்டவணை. இரவில் புதிதாக எதையும் தொட வேண்டாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அது உங்கள் கடையில் நடைமுறையில் இருந்தால் உட்காரத் தயங்காதீர்கள், நாள் முழுக்க நின்ற களைப்பு படிப்பையும் தின்றுவிடும்.

கேள்வி (சேலம்): ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தால் வெற்றி பெறலாம்?

மணி நேரத்தை வைத்து யாரும் மதிப்பெண் தருவதில்லை. ஒரு வாரத்தில் எத்தனை வினாக்களுக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் விடை எழுதினீர்கள், அவற்றில் எத்தனை சரி என்று குறித்துவையுங்கள். அந்த எண் ஏறினால் உங்கள் மணி நேரம் போதும். ஏறாவிட்டால் நேரத்தைக் கூட்டுவதற்கு முன் படிக்கும் முறையை மாற்றுங்கள்.

கேள்வி (மதுரை): பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நான்கு முறை வாசித்துவிட்டேன், ஐயா. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. தேர்வில் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறுகிறேன். கவனம் போதவில்லையா?

நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வாசிக்கும்போது வரி பழகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுமுறை வாசித்தவர்களையும், ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்புக்காரர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது: மறுவாசிப்பு 42, எழுதிப் பார்த்தல் 56. நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லை.

ஐந்தாவது முறை வாசிக்காதீர்கள். எட்டுத்தொகை நூல்கள் எட்டையும், அவற்றில் அகம் எவை, புறம் எவை, இரண்டும் கலந்தது எது என்பதையும் ஒரு வெற்றுத்தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையால் திருத்துங்கள். சிவப்பு விழுந்த இடத்தை மட்டும் நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். தொடக்கத்தில் இது மனத்தைச் சோர்வடையச் செய்யும், ஏனென்றால் தெரியாதது கண்ணெதிரே நிற்கும். அந்தச் சோர்வுக்குப் பயந்துதான் பலரும் அடிக்கோடு போடுவதிலும் பிடிஎஃப் சேர்ப்பதிலும் பொழுதைக் கழிக்கிறார்கள்.

கேள்வி (கரூர்): தினமும் காலை பதினைந்து நிமிடம் கண்ணை மூடி, கிராம நிர்வாக அலுவலராக நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல் கற்பனை செய்யச் சொன்னார் ஒரு பயிற்றுநர். இது உதவுமா?

உதவாது என்பதோடு, சிலருக்குக் கெடுதலும் செய்யும். ஜெர்மனியைச் சேர்ந்த காப்ரியேல எட்டிங்கன் என்ற உளவியலாளர், படிப்பை முடித்து வேலை தேடும் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார். விரும்பிய வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வேலைவாய்ப்பும் குறைவாக வந்திருந்தது, ஊதியமும் குறைவாக இருந்தது. கற்பனையிலேயே வெற்றியை அனுபவித்துவிட்டால் உழைப்பின் வேகம் தளர்கிறது என்பது அவருடைய விளக்கம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பத்துக் கணக்குப் போடலாம்.

கேள்வி (கும்பகோணம்): மேலே சொன்னதை ஏற்க முடியாது. “எண்ணிய எண்ணியாங்கு எய்துப” என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். வெற்றியை எண்ணாமல் வெற்றி எப்படி வரும்?

பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். “எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்” என்று குறளின் மறுபாதியில் நிபந்தனை இருக்கிறது. அது வருவதும் வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில். அதே அதிகாரத்தில்தான் சொல்லுதல் யார்க்கும் எளிது, சொன்னபடி செய்வது அரிது என்ற குறளும் இருக்கிறது. இரண்டுமே பொதுத்தமிழில் கேட்கப்படக்கூடியவை, முழுதாகப் படித்துவையுங்கள்.

கேள்வி (அதே கும்பகோணத்து அன்பர்): அப்படியானால் நம்பிக்கையே வேண்டாம் என்கிறீர்களா? நம்பிக்கையில்லாதவன் புத்தகத்தையே தொட மாட்டானே.

அப்படிச் சொல்லவில்லை, அதே ஆய்வு உங்கள் பக்கமும் கொஞ்சம் பேசுகிறது. கனவு வேறு, எதிர்பார்ப்பு வேறு என்று எட்டிங்கன் பிரித்துப் பார்த்தார். “இதுவரை நான் செய்ததை வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்” என்று கணித்திருந்தவர்கள் கனவு கண்டவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். சென்ற மாதம் 120 வினா சரியாக எழுதியவன் இந்த மாதம் 134 எழுதியிருந்தால், அவனுக்கு வரும் நம்பிக்கைக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கை எனக்கு உடன்பாடு.

கேள்வி (திருநெல்வேலி): நானும் கும்பகோணத்து அண்ணன் பக்கம்தான். வளர்ச்சி மனப்பான்மை இருந்தால் மதிப்பெண் உயரும் என்று அமெரிக்க உளவியலாளர் கரோல் ட்வெக் நிரூபித்துவிட்டாரே?

நிரூபித்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அறிவுத்திறன் பயிற்சியால் வளரும் என்ற எண்ணத்தை விதைக்கும் சிறிய இணையவழிப் பயிற்சியை அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 12,000 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ட்வெக் அந்தக் குழுவில் ஒருவர். படிப்பில் பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண் சராசரி நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்கு அது கெட்ட பலனன்று. ஆனால் மேடையில் கைதட்டச் சொல்லி, கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கப்படும் “வெற்றி மனப்பான்மை” அதைவிடப் பன்மடங்கு வாக்குறுதி தருகிறது. பயிற்சியால் வளர முடியும் என்று நம்புங்கள், பிறகு பயிற்சியைச் செய்யுங்கள். முதல் பாதிக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

மனத்தை வைத்து ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் ஆராய்ந்த ஒரு வழியைச் சொல்கிறேன். “நிறையப் படிப்பேன்” என்பதற்குப் பதிலாக, “இரவு தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்கார்ந்து சதவீதக் கணக்கு ஐந்து போடுவேன்” என்று சூழலையும் செயலையும் பிணைத்து எழுதிவைப்பது. இதன் பலன் பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. இந்த வாதத்தை இத்தோடு விடுவோம். காத்திருக்கும் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (வேலூர்): குறைந்தது எட்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

சேலத்து அன்பருக்கு எழுதியதைப் பாருங்கள்.

கேள்வி (தென்காசி): இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, சார். தொடர்ச்சியாக அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை.

உங்களுக்கு நேரக் குறைவைவிடப் பெரிய தடை, ஒவ்வொரு முறை உட்காரும்போதும் எதை எடுப்பது என்று தேடுவதில் போகும் நிமிடங்கள்தான், அம்மா. முந்தைய இரவே பத்து நிமிடத்தில் முடியக்கூடிய துண்டுகளாகப் பிரித்துவையுங்கள்: ஒரு தாளில் பத்துப் பிரித்து எழுதுக, இன்னொன்றில் எதிர்ச்சொல், மற்றொன்றில் அரசியலமைப்பின் அட்டவணைகள். குழந்தை உறங்கியதும் மேலே இருக்கும் தாளை எடுத்தால் போதும். கணக்கும் மாதிரித் தேர்வும் துண்டு நேரத்துக்கு ஒத்துவராதவை, அவற்றுக்கு வாரத்தில் ஒரு முறை மூன்று மணி நேரம் தடையில்லாமல் வேண்டும். அந்த மூன்று மணி நேரம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை வீட்டில் நாள் குறித்துப் பேசி முடிவு செய்யுங்கள்; இது உங்கள் மனநிலையால் தீரக்கூடிய சிக்கலன்று, வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து தீர்க்க வேண்டியது. சென்ற வாரக் கணக்கை எழுதும்போது கணவரும் தம்முடைய வாரத்தை எழுதட்டும்.

கேள்வி (நாமக்கல்): 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்பது சரியா?

சரியன்று. லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில் ஒரு செயல் பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். நடு அளவு 66 நாள். ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 22ஆம் நாள் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் கோளாறு ஏதும் இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்): இரவு இரண்டு மணி வரை விழித்துப் படிப்பதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

தேர்வு காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. கடைசி ஒரு மாதமாவது அந்த நேரத்தில் மூளை விழித்திருக்கும்படி உறக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உறக்கத்தை வெட்ட வேண்டாம் என்று திருப்பூருக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்; படித்தது நினைவில் படிவதற்கு உறக்கம் வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): தேர்வறையில் நேரம் போதாமல் கடைசி இருபது வினாக்களை அவசரமாக நிரப்பிவிட்டேன். எப்படிப் பிரிப்பது?

மூன்று மணி நேரத்தில் 200 வினா என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. இதைச் சமமாகப் பங்கிடுவதுதான் தவறு. தமிழ்ப்பகுதியின் 100 வினாக்களில் பெரும்பாலானவை தெரிந்தால் இருபது விநாடி, தெரியாவிட்டால் இரண்டு நிமிடம் யோசித்தாலும் வராது. கணக்கு கேட்கப்படும் திறனறிப் பகுதியின் 25 வினாக்களோ ஒன்றரை நிமிடம் தந்தால் விளைபவை. தமிழுக்கு 55 நிமிடம், பொது அறிவின் 75 வினாக்களுக்கு 60 நிமிடம், திறனறிக்கு 40 நிமிடம் என்று வைத்தால் 25 நிமிடம் கையில் நிற்கும். விட்டுவந்த வினாக்களுக்கு அந்த 25 நிமிடம். தமிழை முதலில் முடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: அதில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

ஓ.எம்.ஆர். என்ற விடைத்தாளில் விடைக்குரிய வட்டத்தை அவ்வப்போதே நிரப்புங்கள். வினாத்தாளில் குறித்துவைத்துக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று இருப்பவர்கள்தான் ஒரு வரிசை தவறி, அதன் பின் எல்லாவற்றையும் தவறவிடுகிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் வெறுமையாக விட வேண்டாம். இந்தப் பங்கீட்டைத் தேர்வன்று முதல் முறையாக முயன்றால் நடக்காது. வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வையும் ஓ.எம்.ஆர். தாளிலேயே, கடிகாரம் வைத்தே எழுதுங்கள்.

கேள்வி (கடலூர்): வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மணி நேரம்…

சேலம். வேலூர். இப்போது கடலூர். சேலத்துப் பதிலையும் அதற்கு முந்தைய திருப்பூர்ப் பதிலையும் வாசியுங்கள். இனி இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

கேள்வி (ராமநாதபுரம்): மூன்று முறை எழுதிவிட்டேன், கிடைக்கவில்லை. வயது 29. வீட்டில் வேறு வேலை பார்க்கச் சொல்கிறார்கள். விடாமுயற்சி இருந்தால் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய, ஐயா?

தம்பி, 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த பணியிடங்கள் 6,244, பின்னர் அது கூட்டப்பட்டது. எவ்வளவு கூட்டினாலும், நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இடம் இருக்காது. எனவே கிடைக்காததை வைத்து உங்கள் மனநிலையில் குறை காண்பது நியாயமன்று. விடாமல் எழுதினால் கிடைத்தே தீரும் என்பதும் உண்மையன்று.

மூன்று தேர்வுகளின் மதிப்பெண்ணையும் அந்தந்த ஆண்டு உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண்ணையும் அருகருகே எழுதுங்கள். இடைவெளி முறைக்கு முறை குறைந்து, இப்போது ஐந்தாறு வினாக்களுக்குள் வந்திருந்தால், மாதிரித் தேர்வில் எந்தப் பகுதியில் அந்த ஐந்தாறு போகிறது என்று கண்டுபிடித்து இன்னொரு முறை எழுதலாம், ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுங்கள். வீட்டாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. இடைவெளி மூன்று முறையும் நாற்பது, ஐம்பது மதிப்பெண்ணிலேயே நின்றிருந்தால், வேலையை முதன்மையாக்கிக்கொள்ளுங்கள். அந்த ஆறு எண்களையும் எழுதி அனுப்பினால், அடுத்த முறை அவற்றை வைத்துப் பேசலாம்.