வலதுபக்கக் கதவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மில்வாக்கி குளிர் பத்தி நீங்க எழுதினதுல "என் பழைய பேஸர்"னு ஒரு வரி வந்துச்சு. அதான் இந்த கடிதம். நான் ஒஹையோல இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா தவறிட்டார். அவர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 1977 ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி) பேஸர் வேகன் இன்னும் எங்க கராஜ்ல நிக்குது. மோசமான கார்னு எந்த லிஸ்ட் எடுத்தாலும் பேஸர் அதுல இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் பாத்துட்டு சிரிக்கறாங்க. எனக்கும் அசிங்கமாத்தான் தெரியுது, ஆனா அந்த அசிங்கத்துல ஒரு காமெடி இருக்கறதாலயே பிடிச்சிருக்கு. அம்மா வித்துடுன்னும் சொல்லல, வச்சுக்கோன்னும் சொல்லல. இதெல்லாம் வெறும் நாஸ்டால்ஜியாவா சார்? வச்சுக்கலாமா, வித்துடலாமா? வித்தா என்ன விலை போகும்? ஃபோர்டோட எட்செல், பின்டோ எல்லாம் இதே ரகம்தானா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார், போடல.)

தம்பி,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு மத்தியானம் தயிர் சாதத்துக்கு மோர்மிளகாய் வறுத்துட்டு இருந்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் போட மறந்து ஸ்மோக் அலாரம் கத்தி, பொண்டாட்டி திட்டி, ஜன்னலத் திறந்து விட்டுட்டு நிக்கறப்ப எனக்கு ஞாபகம் வந்தது பேஸர்தான். மோர்மிளகாய்க்கும் பேஸருக்கும் என்ன சம்பந்தம்னா, இருக்கு. வரேன்.

முதல்ல சில்லறையெல்லாம் தள்ளிடறேன். விலை என்கிட்ட கேக்காதீங்க, நான் புரோக்கர் இல்ல. எட்செல் மூணு மாடல் வருஷம்கூட முழுசா தாண்டாம மூடுவிழா கண்ட கார், அதுக்கு ஒப்பாரி வைக்க ஆள் நிறைய இருக்கு, என்னை விட்டுடுங்க. பின்டோ விளையாட்டு விஷயமே இல்ல. பின்னாடி வந்து இன்னொரு வண்டி மோதி, பெட்ரோல் டேங்க் தீப்பிடிச்சு ஜனங்க செத்து, கேஸு கோர்ட்டுன்னு போனது அது. அதையும் பேஸரையும் ஒரே லிஸ்ட்ல போடறவன் சோம்பேறி, அவன் முன்னாடி ஒருத்தன் எழுதின லிஸ்ட்டப் பாத்து எழுதறான், அந்த முன்னாடி ஆளும் பேஸர்ல ஏறிப் பாத்திருக்க மாட்டான்.

இப்ப உங்க "காமெடி"க்கு வரேன். அந்த வார்த்தைதான் எனக்கு கோவம். அப்பா ஆசையா வச்சிருந்த வண்டி உங்களுக்கு பிடிச்சிருக்கு, ஆனா பிடிச்சிருக்குன்னு நேரா சொல்ல வெக்கம், ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கறதுக்கு முன்னாடி நாமளே சிரிச்சுடுவோம்னு ஒரு தந்திரம். இது பிரியமும் இல்ல ஒண்ணும் இல்ல, கோழைத்தனம். ஒரு வண்டிய பிடிக்கணும்னா அதோட தப்பையும் தெரிஞ்சுக்கோங்க, அது சரியா செஞ்ச ஒண்ணையும் தெரிஞ்சுக்கோங்க.

தப்பு நிறைய இருக்கு, ஒளிக்கல. அந்த வண்டிய வரைஞ்சப்போ உள்ள வைக்க நினைச்சது ஜெனரல் மோட்டார்ஸ் பண்ணிட்டிருந்த வான்கெல் ரோட்டரி எஞ்சின், கைக்கு அடக்கமான சின்ன எஞ்சின். 1974ல ஜெனரல் மோட்டார்ஸ் எனக்கு வேண்டாம்ப்பான்னு அத கைவிட்டுடுச்சு. இங்க ஏஎம்சில கார் ரெடி, எஞ்சின் இல்ல. மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாண மண்டபம் மாதிரி. சரின்னு வீட்டோட இருந்த சொந்த இரும்பு ஆறு சிலிண்டர் எஞ்சினக் கொண்டு வந்து மணையில உக்கார வச்சாங்க. அது நீளம், மூக்கு குட்டை, அதனால எஞ்சினோட வால் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில போய் சொருகிக்கிச்சு. கனமும் ஏறிப்போச்சு. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் சிக்கனமா ஒரு வண்டி கிடைக்காதான்னு அலைஞ்ச ஜனத்துக்கு, பாக்க சின்னதா இருந்துட்டு பெரிய கார் மாதிரி குடிக்கற வண்டி. 1975ல முதல் வருஷம் நல்லா வித்தது, அப்புறம் சரசரன்னு எறங்கி 1980 மாடலோட முடிஞ்சது. உடம்புல 37 சதவீதம் கண்ணாடி வேற. மீன்தொட்டின்னு கிண்டல் பண்ணாங்க, வெயில் நாள்ல உள்ள உக்காந்தா அது கிண்டலே இல்ல, நிஜம்.

இவ்வளவும் ஒத்துக்கறேன். இப்ப கதவுக்கு வாங்க.

உங்க கராஜுக்குப் போய் ஒரு டேப் எடுத்து ரெண்டு கதவையும் அளந்து பாருங்க. வலதுபக்கக் கதவு இடதுபக்கத்த விட 4 இஞ்ச் நீளம். ஒருவேளை இத்தனை வருஷமா அத கவனிச்சே இருக்க மாட்டீங்க, ஏன்னா பாத்தா தெரியாது, ஏறினாத்தான் தெரியும். ரெண்டு கதவு கார்ல பின்சீட்டுக்கு போறதுன்னா முன்சீட்ட மடக்கி, உடம்ப குறுக்கி, தலைய குனிஞ்சு நுழையணும். அமெரிக்கால பிளாட்பாரம் இருக்கறது வலதுபக்கம். குழந்தை, வயசானவங்க எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் ஏறணும், டிராஃபிக் ஓடற பக்கமா இல்ல. அப்ப அந்தக் கதவுதானே பெருசா இருக்கணும்? இவ்வளவுதான் யோசனை. இத யோசிக்க பெரிய மூளை வேண்டாம், பின்சீட்டுல யார் உக்காருவாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சா போதும், ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை பேர் நினைச்சாங்க சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ஒரே அச்சா இருந்தாத்தான் அழகுன்னு ஊரே நம்பிட்டிருந்தப்போ, அழகு போனா போகட்டும், ஏறட்டும்னு ஒருத்தர் சொல்லிருக்கார்.

அவர் ஏஎம்சியோட டிசைன் தலைவர் டிக் டீக். சின்ன வயசுல ஒரு கார் விபத்துல ஒரு கண் பார்வை போனவர். ஏஎம்சியோட இன்னொரு கார் கிரெம்லினோட முதல் படத்த விமானத்துல வாந்தி எடுக்கக் குடுக்கற பையில வரைஞ்சதா சொல்வாங்களே, அதே ஆள்தான். அந்த கிரெம்லின 1970 ஏப்ரல் 1ந் தேதி, முட்டாள்கள் தினத்தன்னிக்கு ரிலீஸ் பண்ண கம்பெனி அது, ஊர் சிரிக்குமேன்னு பயந்தவங்க இல்ல.

1984 மே மாசம் அம்மா மாயவரத்துலேர்ந்து மில்வாக்கி வந்தாங்க. முழங்கால் வலி, ஆறு கஜம் புடவை, பேரன் பின்சீட்டுல இருக்கறதால பாட்டியும் பின்சீட்டுலதான்னு பிடிவாதம். வந்த முதல் வாரம் ஒரு ஃப்ரெண்டோட ரெண்டு கதவு கார்ல (பேர் வேண்டாம்) ஏறப்போய், சீட் பெல்ட்ல புடவைத் தலைப்பு மாட்டி, உள்ளயும் போக முடியாம வெளியவும் வர முடியாம நின்னு, கடைசில முதுகுப்பக்கமா இறங்கினாங்க. அன்னிக்கு ராத்திரி "நான் எங்கயும் வரலப்பா, வீட்டுலயே இருக்கேன்"னு சொல்லிட்டாங்க. மறுநாள் நான் பேஸர கொண்டு வந்து பிளாட்பாரத்து ஓரமா நிறுத்தி வலதுபக்கக் கதவ முழுசா திறந்தேன். அம்மா ஒரு கையால முன்சீட்ட பிடிச்சாங்க, இன்னொரு கையால கொசுவத்த தூக்கிக்கிட்டாங்க, ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், உக்காந்துட்டாங்க. உக்காந்துட்டு கதவப் பாத்தாங்க. "இந்த வண்டிய பண்ணவன் வீட்டுல ஒரு கிழவி இருந்திருக்கா"ன்னாங்க. நான் சிரிக்கல.

நாலு இஞ்ச்னா நம்ம கை விரல் அகலத்துக்கு அஞ்சு விரக்கடை தம்பி. அந்த அஞ்சு விரக்கடைலதான் எங்கம்மா அந்த வருஷம் அக்டோபர் வரைக்கும் மிச்சிகன் ஏரி பாத்தாங்க, சிகாகோ பாத்தாங்க, கோயிலுக்கு போனாங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். இதே வண்டிய இங்கிலாந்துல ஸ்டியரிங்க வலதுபக்கம் மாத்தி வித்தாங்க, கதவ மாத்தல. நீளக் கதவு டிரைவர் பக்கம், ரோட்டப் பாத்து திறக்குது, பின்சீட்டு ஆளுக்கு பிளாட்பாரத்துப் பக்கம் குட்டைக் கதவு. நம்ம ஊருக்கு கொண்டு போயிருந்தாலும் அதே கூத்துதான். அது அமெரிக்க பிளாட்பாரத்துக்குன்னே பொறந்த கதவு.

மோர்மிளகாய் அந்த ஜூலைல. மெக்ஸிகோக்காரங்க கடைல பச்சமிளகாயப் பாத்ததும் அம்மாவுக்கு கை பரபரன்னுது. கீறி, புளிச்ச மோர்ல உப்பு போட்டு ஊற வச்சாச்சு, காய வைக்க எடம் இல்ல. பால்கனில ஒரு கைக்குட்டை கூட காயப்போடக்கூடாதுன்னு அபார்ட்மெண்ட் மேனேஜர் உத்தரவு. அம்மா ஜன்னல் வழியா கீழ பார்க்கிங் லாட்ட பாத்துட்டே இருந்தாங்க. "உன் காரு மொட்டை மாடி மாதிரிதானேடா இருக்கு"ன்னாங்க. பின்சீட்ட மடக்கிப் போட்டா பின்கண்ணாடிக்கு அடியில சமதளமா பரந்த எடம். கண்ணாடிய ஒரு விரக்கடை இறக்கி விட்டு, பகல்ல கார்ல காயல், ராத்திரி திரும்ப மோர்ல ஊறல், இப்படி நாலு நாள். சருகு மாதிரி காஞ்சுது. ஊர் சிரிச்ச அந்த 37 சதவீதக் கண்ணாடிக்கு அன்னிக்குத்தான் வேலை கிடைச்சது. அந்த வாசனை வண்டிய வித்த நாள் வரைக்கும் போகல, வாங்க வந்தவர் மூக்க உறிஞ்சிட்டு "பிக்கிளா?"ன்னு கேட்டார்.

நாஸ்டால்ஜியாவான்னு கேக்கறீங்க. எனக்கு 1984 திரும்ப வேண்டாம்ப்பா. விசா கவலை, மாசக் கடைசில பால் வாங்க சில்லறை எண்ணினது, ரோட்டு உப்புல அரிச்சுப்போன தரை வழியா காலுக்கு ஏறின குளிர், யார் கேட்டா அத. பேஸர் பண்ண ஊரான கெனோஷால 1988 டிசம்பரோட கார் பண்றது நின்னுடுச்சு, ஏரிக்கரையோரம் இருந்த அந்த ஃபேக்டரி இடத்துல இப்ப பார்க்கும் மியூசியமும் இருக்கு, போனா நல்லா இருக்கும், போய்ட்டு வாங்க. நான் கொஞ்சறது காலத்த இல்ல, கதவ.

நீங்க என்னவோ கேட்டிருந்தீங்களே, விக்கறதா வச்சுக்கறதான்னு. அம்மா ரெண்டும் சொல்லலன்னா அவங்க சொல்லிட்டாங்கன்னு அர்த்தம், ஊர் பேர் தெரியாத என்கிட்ட வந்து கேக்கறீங்க. ஞாயித்துக்கிழமை வண்டிய வெளிய எடுங்க, எலி ஒயர கடிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க, பிளாட்பாரத்து ஓரமா நிறுத்தி வலதுபக்கக் கதவத் திறந்து விடுங்க, அவங்க எந்த சீட்டுல போய் உக்கார்றாங்கன்னு பாருங்க. உங்களது வேகன், பின்னாடி கண்ணாடி இன்னும் ஜாஸ்தி, ஒரு தடவைல ரெண்டு கிலோ மிளகாய் தாராளமா காயும். அடியில பழைய வேட்டி போடுங்க, நியூஸ்பேப்பர் மட்டும் வேண்டாம். நாங்க போட்டோம், மொதல் நாள் மிளகாய் பூரா பேஸ்பால் ஸ்கோர் ஒட்டிக்கிச்சு.