பாலீஷ் போட்ட பழைய ட்ரம்பெட்டை ஆன்லைனில் என்ன விலைக்குப் போடலாம்?

உங்கள் கேள்வி இதுதானே: ஊர் தேவிபட்டினம். அப்பா பேண்டு செட்டில் வாசித்த ட்ரம்பெட். 6,000 ரூபாய் செலவழித்து ஒடுக்கு எடுத்து, பாலீஷ் போட்டு, புது லேக்கர் (பித்தளை கறுக்காமல் காக்கும் பூச்சு) அடித்தாயிற்று. இப்போது புதுசு மாதிரி மின்னுகிறது. அந்த 6,000-ஐயும் சேர்த்து விலை வைக்கலாமா?

வைக்கலாம். ஆள் வராது. நான் வைத்துப் பார்த்தவன்.

2023-இல் நான் விற்றது என் தாய்மாமாவுடையது. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் கோயில் திருவிழா, கல்யாணம், இறப்பு என்று இருபது வருடம் ஊதியவர். முன்பல் இரண்டு போனதும் நிறுத்திவிட்டார். உதட்டுக்குப் பின்னால் பல் இல்லாவிட்டால் மவுத்பீஸை எதன் மேல் அழுத்துவது? அதன் பிறகு ஆறு வருடம் அது பெட்டிகூட இல்லாமல் ஆணியில் தொங்கியது. வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். நம் பக்கத்து உப்புக்காற்று பித்தளையை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். போதாததற்கு அத்தை ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். லேக்கர் ஒட்டியிருந்த இடம் ஒரு நிறம், போன இடம் ஒரு நிறம் என்று தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

மதுரையில் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்ய 5,200 ஆனது. திரும்பி வந்ததைப் பார்த்து மாமாவுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தக் குஷியில் 28,000 என்று விளம்பரம் போட்டேன். பளபளவென்று மூன்று படம், "புத்தம் புதுசு போல" என்று ஒரு வரி. பத்து நாளில் நாற்பது பேருக்கு மேல் "லாஸ்ட் எவ்ளோ?" என்று கேட்டார்கள். பதில் போட்டதும் காணாமல் போனார்கள். ஒரே ஒருவர்தான் விஷயத்தைக் கேட்டார்: "அண்ணே, பெல்லுல எழுத்து தேஞ்சு போயிருக்கே. பஃப் அடிச்சீங்களா?"

அவர் கேட்டதில்தான் விலையின் சூட்சுமம் இருக்கிறது. பஃப் என்றால் சுழலும் சக்கரத்தில் வைத்து மெருகேற்றுவது. அந்தச் சக்கரம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, உலோகத்தையும் கொஞ்சம் இழைத்து எடுத்துவிடும். பெல்லில், அதாவது ட்ரம்பெட்டின் விரிந்த வாயில், வெட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் மங்கும். விளிம்புகள் மழுங்கும். ஏற்கெனவே மெல்லிசாக இருக்கும் தகடு இன்னும் மெலியும். அதனால் ஊதத் தெரிந்தவர் பளபளப்பைப் பார்த்தால் சந்தேகப்படுவார். உள்ளே எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பார்.

மூட வேண்டிய விஷயமும் உண்டு. மஞ்சள் பித்தளையில் சுமாராக 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். உப்பும் எச்சிலும் ஈரமும் சேர்ந்தால் துத்தநாகம் கழன்று, செம்பு மட்டும் தங்கிவிடும். ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பெரும்பாலும் மவுத்பீஸ் செருகும் குழாயில், உள்ளிருந்து வெளியே வரும். மேலே பாலீஷ் போட்டால் கொஞ்ச நாளுக்குக் கண்ணில் படாது, அவ்வளவுதான். அந்தக் குழாயையே மாற்றினால்தான் தீரும். உங்கள் ட்ரம்பெட்டின் மெயின் ஸ்லைடை, அதாவது இழுத்தால் கழன்று வரும் பெரிய வளைகுழாயைக் கழற்றி, மவுத்பீஸ் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளி இருந்தால் விளம்பரத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வால்வு, விரலால் அழுத்தும் மூன்று உருளைகள். அதனுள் ஏறி இறங்குவது பிஸ்டன். என்னைக் கேட்டால் பாதி விலை இங்கேதான். நடு வால்வை அழுத்தாமல், அதன் குட்டி ஸ்லைடை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். "பட்" என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை, பிஸ்டன் தேயவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் பிஸ்டனோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. வால்வுக்கு எண்ணெய் விட்டுவிட்டுச் செய்யுங்கள், காய்ந்த வால்வு ஏமாற்றும். இன்னொன்று: லேக்கர் அடித்தவர் வால்வு துளைகளைச் சரியாக அடைத்துவிட்டு அடித்தாரா என்று பாருங்கள். வண்டி பெயிண்ட் கடையில் கொடுத்து அடித்த ஒரு ட்ரம்பெட்டைப் பார்த்திருக்கிறேன், மூன்றாவது பிஸ்டன் ஒட்டிக்கொண்டு மேலே வரவே இல்லை.

சரி, விலைக்கு வருவோம். பெல்லில் என்ன பெயர், நடு வால்வின் உடலில் என்ன வரிசை எண் என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்துப் பேண்டு செட்டுகளில் உத்தரப் பிரதேச மீரட் சரக்கு நிறைய. அங்கே ஜலி கோட்டி என்ற பகுதியே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. நாதிர் அலி நிறுவனம் 1885-இல் தொடங்கியது. அந்த ஊர் ட்ரம்பெட் புதிதாகவே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும்போது, உங்கள் 6,000 ரூபாய் மெருகுக்கு யார் பணம் தருவார்கள்? உங்களுடையது மீரட் என்றால் மனசைத் தேற்றிக்கொண்டு, புதுசின் விலையில் பாதிக்குப் போடுங்கள். பழைய லண்டன் சரக்கு, பூஸி அண்ட் ஹாக்ஸ் மாதிரி என்றால் கதை வேறு விதம். அதைச் சேகரிப்பவர்கள் பழைய மெருகோடு இருப்பதைத்தான் தேடுவார்கள், புது லேக்கர் அங்கே விலையைக் குறைக்கும்.

மாமாவுடையது யமஹா, 2335 என்ற மாணவர் மாடல். நான் இரண்டாவது முறை உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறேன். விளம்பரத்தில் கேட்கும் விலைகளை விட்டுவிட்டேன். மூன்று மாதமாக அப்படியே கிடக்கும் விளம்பரத்தின் விலை யாரும் கொடுக்காத விலை. பேண்டு செட் ஆட்கள் நாலு பேரிடம், "இந்த மாடலைக் கடைசியாக என்ன கொடுத்து வாங்கினீர்கள்?" என்று விசாரித்தேன். பாலீஷ் இல்லாத, நன்றாக ஊதுகிற ஒன்று 18,000 வாக்கில் கைமாறியிருந்தது. என் 5,200 ரூபாய் பில்லில் பாலீஷும் லேக்கரும் 3,400. இறுகிப்போன ஸ்லைடை எடுத்தது, பிஸ்டன் சுத்தம், புது ஃபெல்ட், கார்க் எல்லாம் சேர்த்து 1,800. ஊதுகிறவருக்கு உதவுவது இந்த 1,800-தான், அதை மட்டும் கூட்டினேன். மவுத்பீஸை மாமா தர மாட்டேன் என்றுவிட்டார், அதற்கு 1,000 கழித்தேன். 18,800 வந்தது. பேரத்துக்கு இடம் விட்டு 20,500 என்று போட்டேன்.

விளம்பரத்தையும் மாற்றினேன். முதல் வரியிலேயே "பஃப் அடித்து, புது லேக்கர் போட்டது" என்று எழுதினேன். மங்கிய எழுத்து, பெல்லில் ஒடுக்கு எடுத்த தழும்பு, வால்வு எண், குழாயின் உள்பக்கம், எல்லாவற்றையும் நிழலில் வைத்துப் படம் எடுத்தேன். வெயிலில் எடுத்தால் பித்தளையில் வானம்தான் தெரியும். எனக்கு ஊத வராது. கோயில் பேண்டில் வாசிக்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டு, கீழிருந்து மேலே ஒரு ஸ்கேல் வாசிக்கச் சொல்லி நாற்பது வினாடி வீடியோ எடுத்தேன். முதலில் கடற்கரையில் எடுத்தோம், காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் வீட்டுக்குள் எடுத்தோம்.

நடுவில் ஒரு மோசடிக்காரர் வந்தார், உங்களுக்கும் வருவார். உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்தில் வேலை, பேரமே வேண்டாம், முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார். சீருடையோடு அடையாள அட்டைப் படம் வேறு. உச்சிப்புளி எங்களுக்கு முக்கால் மணி நேர பஸ், நேரில் வந்தே வாங்கிக்கொள்ளுங்களேன் என்றேன். போனை வைத்துவிட்டார். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடவே தேவையில்லை. பின் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். தெரியாமல் போட்டுவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

எப்போது போடுவது என்பதும் விலையில் சேர்த்தி. என் முதல் விளம்பரம் ஏப்ரல் கடைசியில் போட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நம் கரையில் யார் கையில் காசு புரளும்? இரண்டாவதை ஆடியில் போட்டேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, பேண்டு செட்டுகள் வாத்தியத்தைச் சரிபார்ப்பதும் மாற்றுவதும் அப்போதுதான். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம், ஆவணி முகூர்த்தம் என்று வரிசையாக வேலை காத்திருக்கும். தை முகூர்த்தத்தைக் குறிவைத்தால் மார்கழி பிறந்ததும் போட்டுவிடுங்கள்.

வாங்கியவர் திண்டுக்கல் பக்கம். பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நின்று, ரயில் தீவுக்குள் வராத சமயம் அது. அதனால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். சட்டைப் பையிலிருந்து சொந்த மவுத்பீஸை எடுத்தார். லேக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடு ஸ்லைடை இழுத்தார், "பட்" என்றது. தலையை ஆட்டிக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் நிழலுக்குப் போய் நாலு அடி வாசித்தார். கண்டக்டர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பஸ் செலவு இருக்குண்ணே, பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார். 18,500-க்கு முடிந்தது. பணம் கணக்கில் ஏறியதை என் வங்கிச் செயலியில் பார்த்துவிட்டுத்தான் ட்ரம்பெட்டைக் கொடுத்தேன்.

நேரில் வர முடியாதவருக்கு அனுப்புவதானால் மவுத்பீஸைத் தனியாகச் சுற்றுங்கள், உள்ளே உருண்டு பெல்லைக் குத்திவிடும். பெல்லுக்குள் துணியை அடைத்து, பெட்டியை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் தொகையைச் சொன்னேன்.

"மவுத்பீஸைக் கேட்டானா?" என்றார்.

"இல்ல மாமா, அவரே வச்சிருந்தாரு."

"ம்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.