சத்தமே போடாத பிள்ளையும் சத்தக்கார சிநேகிதனும்

கோவையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது, நாலு வயது மகள் கிண்டர்கார்டனில் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு பையனோடு மட்டும் ஒட்டிக்கொண்டு திரிகிறாள், அவனோ ஓரிடத்தில் நிற்காத வாலு, இவள் அவனிடம் அமுங்கிப் போய்விடுவாளோ, பிரித்து வைக்கச் சொல்லலாமா அக்கா என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்க வேண்டாம். நான் ஒருமுறை பிரித்துப் பார்த்தவள். அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

நாங்கள் இங்கே வந்தபோது என் மகனுக்கு மூன்றரை வயது. வீட்டில் தமிழில் ஓயாமல் பேசுவான், அங்கே போனால் ஊமை. அவனுக்குக் கிடைத்த சிநேகிதி ஊரைக் கூட்டும் குரல்காரி. இலையுதிர் காலத்தில் இங்கே பிள்ளைகள் கஸ்டானியன் மரத்தடியில் உதிரும் பழுப்பு நிறக் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். இவன் அவற்றைப் பெரிது சிறிதாகப் பார்த்துப் பார்த்து வரிசையில் அடுக்குவான். அவள் ஓடி வந்து ஒரே உதை, அத்தனையும் சிதறும். அழைக்கப் போன இரண்டு நாளும் இதையே பார்த்தேன், வயிறு பிசைந்தது. ஊரிலிருந்து அம்மாவும் போனில், "அந்தப் பொண்ணுகூடச் சேர விடாதே" என்றார். ஆசிரியையிடம் போய் இருவரையும் தள்ளி வைக்கச் சொன்னேன்.

ஒரு வாரம். கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே வீட்டுச் செருப்பு வைக்கிற பெஞ்சு இருக்குமே, அதில் போய் உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் அந்த ஆசிரியைதான் என்னைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, இருவரையும் விளையாட விட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு சட்டைப்பையும் பிதுங்கப் பிதுங்கக் கொட்டைகளைக் கொண்டு வந்து கொட்டியவளே அவள்தான். இவன் கடைசிக் கொட்டையை வைத்தான், அவளை நிமிர்ந்து பார்த்தான், ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அவள் உதைத்தாள். இவன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான். நான் பார்த்துப் பயந்தது அவர்களுடைய விளையாட்டின் கடைசிப் பாதியை மட்டும்.

இன்னொரு நாள் அடுக்கி முடிப்பதற்குள் காலைத் தூக்கிவிட்டாள். இவன் உள்ளங்கையை நீட்டி, "ஷ்டொப்!" என்றான். என் மகன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஜெர்மன் வார்த்தை அதுதான். தூக்கிய கால் தூக்கியபடி அவள் அப்படியே நின்றாள். கையை நீட்டி ஷ்டொப் சொல்வதைப் பல கிண்டர்கார்டன்களில் பழக்குகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். உங்கள் மகள் நிறுத்து என்றால் அந்தப் பையன் நிறுத்துகிறானா? நிறுத்தினால் கவலையே வேண்டாம். நிறுத்தாமல் தள்ளுகிறான், இவள் காலையில் போகவே அழுகிறாள் என்றால் மட்டும் ஆசிரியையிடம் பேசுங்கள். அப்போதும் "பிரித்து வையுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், "நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

நம் ஊர் எல்கேஜியில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்த பிள்ளையே சிநேகிதம். இங்கே அப்படியில்லை. 1840-இல் ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்த காலத்திலிருந்தே விளையாட்டுக்குத்தான் முதலிடம். ஒவ்வொரு நாளும் வெகுநேரம் பிள்ளைகள் இஷ்டப்படி விளையாடுகிறார்கள், யாரோடு என்பதும் அவர்கள் இஷ்டம். அத்தனை பேரில் உங்கள் மகள் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், அந்தத் தேர்வை மதியுங்கள்.

பேசாததை நினைத்தும் பயப்படாதீர்கள். புது மொழிக்குள் போகும் பிள்ளைகள் பலர் சில மாதங்கள் காதை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். தவிர, இயல்பிலேயே மெதுவாகப் பழகும் பிள்ளைகள் உண்டு. தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் இந்த வகை. இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கூட்டத்தில் முன்னால் போய் கதவைத் தட்ட ஓர் ஆள் கிடைத்தால் பெரிய ஆறுதல். அந்த வாலுப் பையனுக்கும் இவள் தேவைதான். அவன் சத்தத்துக்கு ஓடிப் போகாமல் பக்கத்தில் நிற்கிற பிள்ளை எத்தனை பேர் இருப்பார்கள்?

வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இங்கே திடீரென்று போய் நிற்கும் வழக்கம் இல்லை, அவன் அம்மாவிடம் நாளும், எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போக வேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் தடவை இரண்டு மணி நேரம் போதும். அலர்ஜி உண்டா என்று கேளுங்கள். உங்கள் மகள் அவன் வீட்டுக்குப் போகும்போது, நீங்கள் சைவம் என்றால், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்த்த மிட்டாய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறந்தநாளுக்கு எத்தனை வயதோ அத்தனை விருந்தாளிகள் என்பது இங்கே பல வீடுகளில் கணக்கு. அடுத்து வரும் ஐந்து வயதுக்கு ஐந்து பேர், அதில் ஒருவன் அவன்.

செப்டம்பர் வந்துவிட்டது. பூங்காக்களில் கஸ்டானியன் உதிர ஆரம்பிக்கும். சாப்பிடக் கூடாத கொட்டை அது, வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை இருவரையும் கூட்டிப் போய், ஆளுக்கொரு துணிப்பை கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்காருங்கள்.